இருபத்தாறு

"வீடு எவ்வளவு பெரிசு?"
தகரப் பந்தலுக்கடியில், மூன்று கரியடுப்புகளுக்கு நடுவே நின்று
கேட்டார் கெலமங்கலம் அன்வர் பாஷா.
இருபதுக்கு நாற்பது என்றார் என் வீட்டுக்காரர்.
"அடேயப்பா. எத்தனை பேர் இருக்கீங்க?"
எழுபதாயிரம் பேர் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்துக்காரர்.
"புழு மனைக்கா" என்று சொல்லி
ஓர் அடுப்பைக் காலால் ஓரம் தள்ளினார்.
"இது புகையும். டீக்கடைக்காரன் வாங்கிக்கட்டும்."

புகை என்றதும் கெம்பண்ணா ஞாபகம் வந்தார்.
போன மார்கழி, ஜவளகிரியில்
கரண்டு போன ராத்திரி
இரும்புச் சட்டியில் கரியைக் கொட்டி
மனைக்குள்ளேயே வைத்தார். சன்னலுக்கெல்லாம் சாக்கு.
விடிந்தபோது ஒரு புழுவும் அசையவில்லை.
தோலுரிக்கப் படுத்திருப்பதைக் காய்ச்சல் என்போம் நாங்கள்.
காய்ச்சலில் இலை போடக் கூடாது.
அவர் போடவில்லை.
சாயங்காலமும் காய்ச்சல் என்றிருந்தார்.
மறுநாள் வாடை வந்துதான் சொன்னது.

எங்கள் மனை சரிவில் நிற்கிறது.
மேலே புழு. கீழே இலை வைக்கும் கருங்கல் அறை,
குனிந்தால்தான் உள்ளே போகலாம்.
தீயைக் கீழே வைத்தால்
தளத்துத் துவாரங்கள் வழியாகச் சூடு மட்டும் மேலே வரும்,
புகை குழாய்க்குள்ளேயே பின்பக்கம் போய்விடும்.
இது திம்மராயன் கணக்கு,
கூடு மார்க்கெட் ரசீதின் முதுகில் பென்சிலால் போட்டது.
அப்போ இலை வாடாதா?
இது என் கணக்கு, எதிலும் எழுதாதது.
வடக்குச் சுவரோரம் ஈரச் சாக்குக் கட்டலாம் என்றார்.
சாக்கை யார் நனைப்பது என்று
இரண்டு பேரும் பேசவில்லை.

வார்ப்பிரும்பு அடுப்பு பதினோராயிரம்.
நாலு பேர் தூக்க வேண்டும்.
"ஒரு தடவை சூடேறினா விடியவிடிய நிக்கும்,
சூளைக்குப் போற நிலக்கரியும் தாங்கும்."
தகட்டடுப்பு ஆறாயிரத்து ஐந்நூறு.
சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் மறந்துவிடும்.
இவர் பானை வாங்குகிறவர் மாதிரி
ரெண்டையும் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார்.

நான் இல்லாத கூடையை
இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.
வலது கையால் வார்ப்பிரும்புக் கதவைத் திறந்தேன்.
வரவில்லை. கொண்டி இறுக்கம்,
இன்னொரு கை கேட்டது.
தகட்டுக் கதவு மணிக்கட்டு பட்டதும் விலகியது.
"ராத்திரி ரெண்டு மணிக்குக் கரி போடப்போறது யாரு?"
கடைக்குள் யாரும் பதில் சொல்லவில்லை.
வெளியே ஒரு டெம்போ
ரொம்ப நேரம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

தகட்டடுப்பு வந்தது.
கொண்டியை ராவித் தருகிறேன், வார்ப்பிரும்பையே எடு என்று
வண்டி ஏற்றும்வரை சொன்னார் பாஷா.
அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.
நான் மூன்று தடவை எழுந்திருக்கிறேன்,
பதினொன்று, ரெண்டு, நாலரை.
குழாய் மூட்டில் கசிவு இருக்கிறதா என்று
ஊதுவத்தியைக் காட்டிக் காட்டிப் பார்க்கிறேன்.
புகை நேராக நின்றால்
மேலே போய் இலை தூவுகிறேன்.
தின்னும் சத்தம், தகரத்தில் தூறல் மாதிரி.
பாதரசம் இருபத்தாறில்.

நேற்று நாலரைக்கு என்ன தோன்றியதோ,
ஆணியிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாயைக் கழற்றி
முந்தானைக்குள் வைத்து
எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
இவர் ரெண்டு போர்வைக்குள் சுருண்டிருந்தார்,
பையன் நாயைக் கட்டிக்கொண்டு.
விளக்குக்குக் கீழே பிடித்தபடி நின்றேன்.
இருபத்தொன்று. பதினெட்டு.
பதினாலில் வந்து உட்கார்ந்தது.

யாரையும் எழுப்பவில்லை.
இன்னொரு முழங்கைக் குழாயும் பன்னிரண்டடி நீளமும்
பாஷா கடையில் என்ன விலை சொல்வார்,
இந்தக் கூடு கிலோ எவ்வளவுக்குப் போகும் என்று
நடந்துகொண்டே கூட்டினேன்.
ஆணியில் திரும்ப மாட்டி
அது ஏறி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.
அவ்வளவு நேரமும்
எனக்கும் குளிரவில்லை.